இத்ரீஸ் விழுங்கிய மாத்திரை

மருந்துக் கடையில் இத்ரீஸ் காலி மாத்திரை அட்டையோடு நிற்பதைப் பார்த்ததும் உசேன் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

சூடான் நாட்டுப் பையன். விவசாயப் படிப்புக்காகச் சோளக்கொல்லை பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து, உசேன் வீட்டு மாடியில் குடியிருந்தான். அவனுக்கு ஏதாவது ஆனால் போலீஸ் வரும், டெல்லியிலிருந்து ஆள் வரும்.

"ஏம்பா, ஒடம்புக்கு என்னா?"

"எனக்கு இல்லை... ஒண்ணும் இல்லை," என்று அட்டையை மறைத்தான் இத்ரீஸ்.

"மறைக்காத. எங்கூர்ல டாக்டர் சீட்டெல்லாம் கேக்கமாட்டாங்க. காலி அட்டையக் காட்டுனாலே போதும். சென்னப்பா, இதையே குடு."

கடைக்காரர் சென்னப்பன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பிரஷர் மாத்திரைங்க பாய். இந்த வயசுலயா?"

"அய்யோ! பரீட்சைக் கவலையா இருக்கும்."

உசேன் ஒரு மாத்திரையைப் பிய்த்து நீட்டினார். இத்ரீஸ் வேண்டாமென்று தலையை இருபக்கமும் ஆட்டினான். எங்கள் பக்கம் அப்படி ஆட்டினால் சரி என்று அர்த்தம்.

"சரிங்கறான் பாரு. நல்ல பையன். முழுங்கு!"

பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று விழுங்கிவிட்டான்.

"வெறும் வயித்துல குடுத்தீங்களா?" பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் பதறினாள். "பன்னாவது வாங்கிக் குடுங்க!"

பன் தொண்டையில் அடைத்தது. அடைப்புக்குச் சோடா. சோடா குமட்டியது. நடந்தால் சரியாகுமென்று உசேன் அவனை வெயிலில் நடக்கவிட்டார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இத்ரீசுக்குக் கண் இருட்டி, கால் மடங்கியது.

"சூடானுக்குத் தந்தி எப்படி அடிக்கறது? அவங்க ஆத்தாளுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" உசேனுக்கு நெஞ்சு படபடத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. யாருடைய சைக்கிளையோ பிடுங்கி, பின்சீட்டில் அவனை உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"அமீனா! இந்தப் பையனுக்கு பிரஷராம், நம்மகிட்ட மறைச்சிட்டான்! மாத்திரை குடுத்தும் கேக்கல!"

வாசலுக்கு ஓடிவந்த அவர் மனைவி அமீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையில் கைவைத்தாள்.

"யா அல்லா! தம்பிக்கு ஒண்ணுமில்லைங்க, நான்தான் கடைக்கு அனுப்பிச்சேன். பிரஷர் உங்களுக்கு, சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் தெனமும் சத்து மாத்திரைன்னு டீயோட குடுத்துட்டிருக்கேன்!"