பலாமரத்தடி மழைமானி

தகுதி என்றால் என்னவென்று ஒரே மூச்சில் சொல்வீர்களா? உடனே கை தூக்குகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் தகுதிமான். எல்லா ஊரிலும் கிடைப்பார்.

2006 மே மாதம் கல்வராயன் மலையில் இளம் ஆய்வாளர்களுக்குப் பருவநிலை அறிவியல் கோடைப் பள்ளி நடத்திய பேராசிரியர் தெய்வசிகாமணி, அந்த இனத்தில் நன்றாக முற்றிய உருப்படி. காபிக்கு முன் தகுதி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தகுதி, மேகத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாலும் மழை விழுவதற்குள் இடஒதுக்கீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். இடஒதுக்கீட்டை எதிர்த்து டெல்லியில் மருத்துவ மாணவர்கள் தெருக்கூட்டிய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கரும்பலகையில் ஒட்டி, "படித்தவனுக்கு இந்தக் கதியா!" என்று கண் கலங்கினார்.

பள்ளிக்கு வந்திருந்த ஆய்வு மாணவி நிர்மலா படத்தை உற்றுப் பார்த்தாள். துடைப்பத்தைப் பிடிக்கவே தெரியவில்லையே! வடக்கனந்தலில் அவள் அம்மா ரங்கம்மாள் இருபது வருஷமாகத் தெருக்கூட்டுகிறாள். யாரும் படம் எடுத்ததில்லை.

நிர்மலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பள்ளி முடிவில் ஒருவருக்குக் கிடைக்கும் மூன்றாண்டு ஆய்வு இடம். பெயரை எழுதுவது தெய்வசிகாமணி.

மழைமானியை வைத்ததும் அவர்தான், விடுதி முன்னால் பலாமரத்தடியில். வெயில் படக்கூடாதாம். கருவி மேல் அல்ல, அவர் மேல்! நாலு வருஷமாக அதே இடத்தில் அளந்து, மலையில் மழை குறைகிறதென்று இரண்டு கட்டுரையும் எழுதிவிட்டார். மழை குறையவில்லை ஐயா, மரம் வளர்ந்திருக்கிறது!

தினமும் காலை எட்டரைக்கு அளப்பது நிர்மலாவின் வேலை. பெட்டியில் சும்மா கிடந்த இன்னொரு மானியை அவள் வெட்டவெளியில் வைத்தாள். அன்று சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் மரத்தடியில் ஒன்பது மில்லிமீட்டர். வெளியில் நாற்பத்தொன்று.

விடுதிக் காவலாளி முனியன் சிரித்தார். "இன்னாம்மா இது, மழ வந்தா நானே அந்த மரத்தாண்டதான் ஓடியாந்து ஒதுங்கறேன். டப்பா மட்டும் எப்டி நனையும்?"

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. "கோட்டாவில் வந்தால் கருவியைக்கூடப் படிக்க வராது. ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடும்மா. தேர்வுப் பட்டியல் இன்றைக்கு மாலை போகிறது, தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

எழுதினாள். 'வெட்டவெளி: நாற்பத்தொன்று. மரத்தடி: ஒன்பது. மரத்தைப் பார்க்கவும்.' கீழே கையெழுத்து.

"போச்சு! வேலயக் கெடுத்துக்கினியேம்மா!" என்றார் முனியன்.

"பேஞ்சது பேஞ்சதுதானேண்ணா?"

மாலையில் தெய்வசிகாமணி எழுதிய பெயர், அவருடைய மச்சான் மகனுடையது. பள்ளி நடந்த பத்து நாளில் ஒரு நாள்கூட அந்தப் பிள்ளை எட்டரைக்கு எழுந்ததில்லை. தகுதி!

சிரிக்கிறீர்கள், நாம் தகுதிமான் இல்லையென்று. பொறுங்கள். அந்தப் பெயர் செல்லுபடியாகத் தேர்வுக் குழுவில் இன்னும் நாலு பேர் கையெழுத்து வேண்டும். நாலு பேரும் உங்களைப் போல நல்லவர்கள், அவசர வேலைக்காரர்கள், நீட்டிய இடத்தில் போட்டுப் பழகியவர்கள். நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு பட்டியல் வரும். பேனாவை மூடிவிட்டு, முதலில் எழுந்து போய் மரத்தைப் பாருங்கள்.