கோப்பில் இருக்கும் வால்

மனித நாகரிகத்தின் உச்சி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நெதர்லாந்தில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தைக் காட்டுவேன். மனிதக் குரங்குகளை வைத்துச் சோதனை செய்யக் கூடாது என்று சட்டம் வந்ததும், அதை முதலில் கொண்டாடியவர்கள் நாங்கள். அதற்கு முந்தின வாரம்வரை எதிர்த்து மனுப் போட்டவர்களும் நாங்கள்தான். அது வேறு விஷயம். நான் இங்குள்ள நெறிமுறைக் குழுவின் செயலாளர்.

கடைசிச் சிம்பன்சி பிராம் சரணாலயத்துக்குப் புறப்பட்ட அன்று, ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தோம். குழுத் தலைவர் டாக்டர் டெர்ஹோர்ஸ்ட், "நம்ம உடன்பிறப்பு" என்று கண்கலங்கினார். அந்த ‘உடன்பிறப்பின்’ ஈரலில் பதினேழு வருஷம் ஊசி குத்தியவர் அவர்.

காலிக் கூண்டை வீணாக்கலாமா? அடுத்த திங்கட்கிழமையே, பக்கத்துக் கட்டடத்தில் ஏற்கெனவே சோதனையில் இருந்த பன்னிரண்டு செம்முகக் குரங்குகளை அதில் குடியேற்றினோம். சட்டம் மனிதக் குரங்குக்குத்தான். வெறும் குரங்குக்கு இல்லை.

கூண்டுகளைப் பராமரிக்கும் வீட்ஸ்கே, ரப்பர் பூட்ஸோடு எங்கள் குழுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், பிராமுக்கு வலிச்ச மாதிரிதான் இதுங்களுக்கும் வலிக்குது."

"வலியைப் பத்திச் சட்டம் பேசலம்மா. மனிதக் குரங்குக்கு வால் இருக்காது, இதுங்களுக்கு இருக்கு. அவ்வளவுதான்."

"அப்போ ஏழாம் நம்பரை விட்ருங்க. அதுக்கு வால் இல்லையே!"

ஊசி போட்ட இடம் அழுகி, போன வருஷம் நாங்களே வெட்டி எறிந்த வால் அது.

எங்கள் வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி அந்த வால் இன்னும் இருக்கு."

"எங்கய்யா இருக்கு?" என்றாள் வீட்ஸ்கே.

"கோப்புல."

இரண்டரை மணி நேரம் விவாதித்து, ‘கருத்தளவிலான வால்’ என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அந்தச் சொல் என்னுடையது. இன்றும் பெருமைதான்.

"நான் அவனைத் தூக்கிட்டுப் போறேன். போலீசைக் கூப்பிடுறதுன்னா கூப்பிட்டுக்கங்க" என்று வீட்ஸ்கே கீழே இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் கூண்டைத் திறந்து கையை நீட்டினாள். ஏழாம் எண் மூலைக்கு ஓடி, பல்லைக் காட்டி நடுங்கியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வா கண்ணா... வரமாட்டேங்குது பாருங்க. ஊசிக்கு ஒவ்வொரு தடவையும் பிடிச்சுக் குடுத்தது இந்தக் கைதானே. எப்படி வரும்?"

"படிவம் ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும். ராஜினாமாப் படிவம்."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஏழாம் எண் செத்துப்போனது. ஆண்டறிக்கையில் ‘துன்புறுத்தப்பட்ட மனிதக் குரங்குகள்: பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அமைச்சகம் எங்களைப் பாராட்டி, கூடத்தில் மனிதக் குரங்கு ஒன்றுகூட இல்லை என்று சான்றிதழ் அனுப்பியது.

மனிதர் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி அந்தச் சான்றிதழுக்கான படிவத்தில் இல்லை. நல்லவேளை.