வீரமணிக்கு நான் எழுதிய மறுப்பு

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த வீரமணியை விடறதில்லை.

வீரமணி எங்க ஊர்ல செல்போன் கடை வெச்சிருக்கான். பகல்ல போனுக்கு ஸ்கிரீன் ஒட்டுவான், சாயங்காலமானா 'சூறாவளி'ன்னு ஒரு பிளாக்ல அரசியல் எழுதுவான். அவங்க கட்சிக்காரன் தும்மினா அது மக்கள் நலத் திட்டம். எங்க கட்சிக்காரன் தும்மினா அது தொற்று நோய். ஊரே அதைப் படிச்சுட்டு தலையாட்டுது.

என்னால அப்படி ஆட்ட முடியாது. நான் சேலத்துல ரெண்டு வருஷம் சட்டம் படிச்சவன். மிச்சத்தைப் படிக்கறதுக்குள்ள எங்கப்பா உரக்கடையில உட்கார வெச்சிட்டாரு. இன்னிக்கும் யூரியா வாங்க வர்றவங்களுக்கு ரெண்டு சட்டம் சொல்லாம நான் மூட்டையைத் தூக்கிக் குடுக்கறதில்லை.

போதாக்குறைக்கு நான் எட்டாவது வார்டு கவுன்சிலர் வேற. ஓட்டு மெஷின்ல இருந்த பேரு என்னவோ என் சம்சாரம் நிர்மலாதேவியோடதுதான். வார்டைப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க, என்ன பண்றது? நின்னது அவ, ஜெயிச்சது நான். மீட்டிங்குக்கு நான் போவேன். கையெழுத்தை வூட்லயே அவ போட்டுக் குடுத்துடுவா. எங்க பேரூராட்சியில பாதி வார்டு இப்படித்தான் ஓடுது. எந்தப் பேரூராட்சின்னு மட்டும் கேக்காதீங்க. கடத்தூருக்கும் அரூருக்கும் நடுவுல எங்கியோன்னு வெச்சுக்கங்க.

அந்த வாரம் எங்க வார்டுக்குத் தண்ணி டேங்க் கட்ட அனுமதி வந்திருந்தது. எங்க கட்டறதுன்னு வியாழக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணணும். என் சிநேகிதன் கதிரவன் ஊருக்கு வெளியே புதுசா மனை போட்டிருக்கான். அதுக்குப் பக்கத்துல கட்டலாம்னு நான் வாக்குக் குடுத்திருந்தேன். நிர்மலா கிழக்குத் தெருவுலதான் கட்டணும்னா. அங்கதான் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறாங்களாம். உனக்கு நிர்வாகமெல்லாம் புரியாதும்மான்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு நான் நினைச்சேன்.

மறுநாள் காலையில காப்பியோட அவ போனையும் கொண்டுவந்து என் முன்னால வெச்சா.

"ஏங்க, வீரமணி என்னமோ எழுதியிருக்கான். சரிதானுங்களா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

படிச்சேன். காப்பி ஆறிப் போச்சு, நான் கொதிச்சுப் போனேன்.

சங்கதி இதுதான். எங்க பேரூராட்சித் தலைவர் சாலம்மாள், வீரமணி கட்சி. அவங்க வூட்டுக்காரர் கருப்பண்ணன்தான் தலைவர் நாற்காலியில உட்கார்ந்து மீட்டிங் நடத்துவாரு. எதிர் வரிசையில உட்கார்ந்து நானே எத்தனையோ தடவை வயிறெரிஞ்சிருக்கேன். அவரு அப்படி உட்கார்ந்திருக்கற போட்டோ வாட்சப்புல சுத்தவும், வீரமணி வக்காலத்து வாங்கியிருந்தான். 1947-ல வந்த இந்து திருமணச் சட்டப்படி பொண்டாட்டி பதவியில புருஷனுக்குப் பாதி உரிமை உண்டாம். தலைவர் வரலைன்னா புருஷன் தலைமை தாங்கலாமாம். யாருக்காவது சந்தேகம் இருந்தா ஒரு பவர் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டாப் போதுமாம். அதுக்கும் மேல ஏதாவதுன்னா கிராம சபையில தீர்மானம் போட்டுக்கலாமாம்.

பேரூராட்சிக்கு ஏதுய்யா கிராம சபை? பவர் பத்திரம் குடுத்து நிலத்தை விக்கலாம், கவுன்சிலர் பதவியை ஓட்ட முடியுமா? திருமணச் சட்டம் வந்தது 1955-ல. அதுல எந்தப் பதவியைப் பத்தியும் ஒரு வரி கிடையாது. தலைவர் வரலைன்னா துணைத்தலைவர் தலைமை தாங்கணும். ஒரே பதிவுல ஒரு பய இவ்வளவு தப்புப் பண்ண முடியும்னா அவனுக்கு விருதே குடுக்கலாம்.

அன்னிக்குக் கடையைத் திறக்கல. பரண்ல கிடந்த சட்டப் புஸ்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன். மறுப்பு எழுதினேன். நிர்மலா பக்கத்துலயே உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ஞ்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி சந்தேகம் கேட்டா.

"கவுன்சிலரோட வூட்டுக்காரர் மீட்டிங்ல உட்காரலாங்களா?"

"ஜெயிச்சவங்க ஜெயிச்சவங்கதான். கவுன்சிலர் புருஷன்ங்கற பதவி எந்தச் சட்டத்துலயும் இல்லை."

"அதையே எழுதிடுங்க. ரொம்ப நல்லா இருக்குது. பேசலாங்களா?"

"வாயைத் திறக்கக் கூடாது."

"அப்ப அவரு எங்கதான் இருக்கறது?"

"வாசல்ல!"

அந்த 'வாசல்ல'வைத் தடிச்ச எழுத்துல போட்டேன். சட்டம் ஆளுக்கு ஆள் மாறாதுன்னு ஒரு பத்தியும் சேர்த்தேன். கடைசியில பேரு போடாம விட்டா வீரமணி மொட்டைக் கடுதாசின்னு சொல்லிடுவான்னு நிர்மலா சொன்னா. அதுவும் நியாயம்தான். என் பேரு, கடை விலாசம், படிச்ச படிப்பு எல்லாம் போட்டு கையெழுத்தும் வெச்சேன். ஊர்ல எல்லாருக்கும் அனுப்பற வேலையை அவளே எடுத்துக்கிட்டா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் எழுதின ஒண்ணை அவ இவ்வளவு ஆர்வமா படிச்சதே இல்லை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

வியாழக்கிழமை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வண்டிச் சாவியைத் தேடறேன், சாவி நிர்மலா கையில இருக்குது. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, தலையில பூ வெச்சுக்கிட்டு நிக்கறா. யாரு வூட்டுக் கல்யாணம்னு கேட்டேன்.

"மீட்டிங்குக்குங்க."

"நீ எதுக்கும்மா அங்க?"

"ஜெயிச்சவங்கதான் உட்காரணும்னு எழுதியிருக்கீங்களே."

"அது கருப்பண்ணனுக்கு எழுதினது!"

"சட்டம் ஆளுக்கு ஆள் மாறாதுங்க. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க."

நான் விடுவேனா? அவ வண்டியை ஓட்ட, நான் பின்னாடி ஏறி உட்கார்ந்து போனேன். பேரூராட்சிச் செயல் அலுவலர் நம்ம ஆளு, உரமெல்லாம் என் கடையிலதான் வாங்குவாரு, பேசிக்கலாம்னு தைரியம். போய்ப் பார்த்தா மீட்டிங் ஹால் கதவுல என் மறுப்பைப் பெருசா பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்காரு. என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. இத்தனை நாளா யாரு இதைச் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தாராம். அப்படியே கையை விடாம வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்து விட்டாரு.

வாசல் புங்க மரத்தடியில ஏற்கெனவே ஒருத்தரு உட்கார்ந்திருந்தாரு. கருப்பண்ணன். மடியில சாலம்மாளோட கைப்பை. என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை இல்லை. நிர்மலா தன் ஹெல்மெட்டையும் சாப்பாட்டுக் கூடையையும் என் கையில குடுத்துட்டு உள்ளே போயிட்டா.

ஜன்னல் வழியாக் குரல் கேட்டது. கிழக்குத் தெருவுல எத்தனை வூடு, எந்த வூட்டுப் பொம்பளை எங்கேருந்து தண்ணி தூக்கறா, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சா நிர்மலா. அவ இப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாது. நான் எங்க பேச விட்டேன்? சத்தியமாச் சொல்றேன், ஒரு நிமிஷம் பெருமையாத்தான் இருந்தது. தலைவர் நாற்காலியில சாலம்மாளே உட்கார்ந்து, கட்சி பார்க்காம சரின்னுட்டாங்க. டேங்க் கிழக்குத் தெருவுக்குப் போயிடுச்சு. கதிரவன் போன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நான் எடுக்கல.

சாயங்காலம் வீரமணி பதிவு போட்டுட்டான். விடறதில்லைன்னு கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

'எட்டாவது வார்டு உறுப்பினர் நிர்மலாதேவி கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவருடைய கணவரும் தலைவரின் கணவரும் வெளியே மரத்தடியில் அமர்ந்து, தத்தம் மனைவியரின் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டனர்.'

ஒவ்வொரு வரியா அலசினேன். சட்டப் புஸ்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன்.

முதல் தடவையா வீரமணி ஒரு தப்பும் இல்லாம எழுதியிருந்தான்.