அறுபத்து மூன்று பேரும் நானே

இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். எம்.ஏ. படிக்கும்போது ஆய்வுக்காக ஓர் ஆன்லைன் படிவம் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பியபோதுதான் இது தெரிந்தது. ஒரு வாரத்தில் ஒன்பது பதில்கள் வந்தன. அதில் இரண்டு, படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே நிரப்பியவை.

தலைப்பு, 'இரவு உணவை யாரோடு உண்கிறோம்?' சமூகவியல் நோக்கில் மிக முக்கியமான கேள்வி என்று வகுப்பில் முழங்கியிருந்தேன். (சேலத்து ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒன்றரை வருடமாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டதில் உதித்தது என்று சொல்லவில்லை.) எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யாரிடமும் நானாகப் போய்ப் பேசமாட்டேன். அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

"பல வயசு, பல தொழில், பல ஊர் ஆளுங்க வேணும்மா. அம்பது பேராவது இல்லாம ஆய்வேட்டை வாங்க மாட்டேன்" என்றார் பேராசிரியர்.

"நூறே வரும் சார்."

வாய் மட்டும் எப்போதும் முதல் வகுப்பு.

அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் லாரியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வெளிமாநிலம். இரவானால் போன் வந்துவிடும்.

"சாப்டியா சாமி?"

"சாப்டனுங்கப்பா."

"ஆரோட?"

"ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோடங்கப்பா."

அந்த நாலு பேருக்கும் பெயர்கூட வைத்திருந்தேன். ஒருத்திக்குக் கல்யாணமே முடித்துவிட்டேன்.

அன்று படிவத்தைப் பற்றியும் சொன்னேன். "அட, இதுக்குப் போயி ரோசன பண்ணுவாங்களா? நம்ம ரிக்குக்காரங்க குரூப்புல போட்டுடறேன். ஆறு ஸ்டேட்ல ஆளு இருக்கறாங்க சாமி!"

இரண்டே நாளில் ரிக் ஆட்களிடமிருந்து மட்டும் அறுபத்து மூன்று பதில்கள் சேர்ந்தன. எண்ணைப் பார்த்த பூரிப்பில் பதில்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக வகுப்புத் திரையில் போட்டு, "ஆறு மாநிலங்களில் உழைக்கும் ரிக் தொழிலாளர்கள்..." என்று ஆரம்பித்தேன்.

முதல் வட்டப்படம் வந்தது. ஒரு சின்னக் கீற்றைத் தவிர எல்லாமே பெண். அடுத்த படத்தில் வயது இருபத்திரண்டு. அடுத்ததில் படிப்பு எம்.ஏ. ஊர் எங்கள் மல்லசமுத்திரம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, ரிக்குல இத்தனை எம்.ஏ. பொண்ணுங்களா வேலை பாக்கறாங்க?"

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. நான் வராந்தாவுக்கு ஓடி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏஞ்சாமி, தப்பாயிருச்சா? உன்ற ஃபாரம்னு சொன்னதும் அல்லாரும் உன்ற வெவரம் கேட்டாங்க. நாந்தான் வயசு, படிப்பு, ஊரெல்லாம் குரூப்புல பேசிப் போட்டேன். ஒருத்தங்கூட மாத்தி எழுதலியே?"

ஒருத்தர்கூட மாற்றி எழுதவில்லைதான். அப்பாவைக் கோபிக்கவும் முடியவில்லை. சாதிச் சான்றிதழிலிருந்து உதவித்தொகை வரை, எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு படிவத்திலும் யாராவது ஒருவர் என் விவரத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு படிவம் அவர்களைப் பற்றியே கேட்கும் என்று அந்த மனிதர்கள் எப்படி நினைப்பார்கள்?

ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து கடைசிக் கேள்வியின் பதில்களைப் படித்தேன். நேற்று யாரோடு சாப்பிட்டீர்கள்? 'ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோட' என்று அறுபத்திரண்டு பேர், அப்பா சொன்னபடியே எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் வேறு. எழுதத் தெரியாத யாரோ போனில் பேசிப் பதிந்தது, ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடியது:

'சாமி தனியாத்தான் சாப்புடுது கேட்டா நாலு பேருன்னு சொல்லும் போன்ல ஒருத்தர் சத்தமும் கேக்காது'

அதன் பிறகு நான் எதையும் படிக்கவில்லை.

பேராசிரியர் ஒரு மாதம் அவகாசம் தந்தார். அறுபத்து மூன்று பேரையும் நானே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, அவரவர் விவரத்தைக் கேட்டு எழுதினேன். (கௌரவம் முதல் மூன்று அழைப்பிலேயே போய்விட்டது.) எல்லோரும் கடைசியில் என்னையும் ஒரு கேள்வி கேட்டார்கள். "நீ சாப்டியா கண்ணு?"

இப்போது நாமக்கல்லில் வேலை, ஒற்றை அறை வாடகை வீடு. இரவில் வீடியோ அழைப்பில் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டைப் போடுவேன். அந்தப் பக்கம் அப்பாவின் ரிக் ஆட்கள் மொத்தமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார்கள்.

"ஏனுங்க, அறுவத்தி மூணு பேரும் சாப்டாச்சுங்களா?"

"அல்லாரும் சாப்டாச்சுங்க!" என்று நானும் கத்துவேன்.

அப்பாவும் சிரிப்பார். "ஆரோட?" என்று மட்டும் இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை.