எல்லாவற்றுக்கும் ஒரே டிக்

டிக் விழுந்த பிறகுதான் அது தன் ஃபைலுக்கு உரிய பெட்டி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அது கணினித் திரையில் எல்லா ஃபைல்களுக்கும் மேலே, கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி தனியாக உட்கார்ந்திருந்த பெட்டி. அதைத் தொட்டால் கீழே இருக்கிற அத்தனைக்கும் டிக் விழும். அதற்குள் 'கிளை' என்ற கட்டத்தில் 'ஆற்றங்கரை' என்று அடித்து, 'சேமி'யையும் அமுக்கியாயிற்று.

தண்ணீர் பம்பு செய்யும் அந்த நிறுவனத்தின் மொத்த ஆவணங்களும், மோட்டார் வரைபடத்திலிருந்து கழிப்பறை சுத்தம் செய்யும் முறை வரை, ஒரே விரலசைவில் ஆற்றங்கரைக் கிளைக்குக் குடிபோய்விட்டன.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'லைப்ரரி'. இணையத்தில் இருக்கும் ஆவண நூலகத்தைப் பார்த்துக்கொள்வதால் வந்த பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் என்ன வகை, எந்தக் கிளை, யார் பொறுப்பு என்று நெற்றியில் சீட்டு ஒட்டுவது வேலை. ஊரார் ஃபைலுக்கெல்லாம் ஒழுங்காகச் சீட்டு ஒட்டியவர், தன் சொந்த இடமாற்ற விண்ணப்பத்துக்கு மட்டும் பழக்கதோஷத்தில் 'தலைமை அலுவலகம்' என்று ஒட்டிவிட்டார். தலைமை அலுவலகத்தில் இருப்பவர் தலைமை அலுவலகத்துக்கே மாற்றம் கேட்டிருந்தார். அது கிடைப்பதில் ஒரு சிரமமும் இருக்காது.

அதைத் திருத்தத்தான் காலையில் உட்கார்ந்தார். நிர்வாகத்தின் கணினி இன்று மாலை 'இடமாற்றம்' என்ற ஃபோல்டரை அள்ளிக்கொண்டு போய்விடும். சீட்டில் எந்தக் கிளையோ அதற்குத்தான் ஆணை வரும்; உள்ளே எழுதிய உருக்கத்தை யாரும் படிப்பதில்லை. இன்று விட்டால் அடுத்த வருஷம்தான். மனைவியும் மகளும் ஆற்றங்கரையில். இவர் இங்கே, குறட்டை விடும் ஒரு மருந்துக்கடைக்காரரோடு வாடகை அறையில். பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது மகள் அம்மாவை வரைந்து, தன்னை வரைந்து, அப்பாவுக்குப் பதில் ஒரு செல்ஃபோனை வரைந்திருந்தாள். நல்ல மார்க் வேறு போட்டிருந்தார்கள்.

மேஜை ஃபோன் அடித்தது. ஆற்றங்கரைக் கிளையின் ஸ்டோர்காரர்.

"சார், இங்க மொத்தக் கம்பெனியும் வந்து இறங்கியிருக்கே. ஏதாவது விசேஷமா?"

"சும்மா, டெஸ்டிங்."

அவரவர் கிளை ஃபைல்தான் அவரவர் கண்ணுக்குத் தெரியும் என்பது நூலகத்தின் விதி. ஆகவே மற்ற கிளைகளின் திரையில் ஈ கூட இல்லை. லைப்ரரி பதற்றப்படாமல் யோசித்தார். பதற்றப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் மறுபடி தேர்ந்தெடுத்து 'தலைமை அலுவலகம்' என்று போட்டு சேமித்தார். இப்போது ஆற்றங்கரைக்காரர்களின் சொந்த ஃபைல்களும் அவர்களை விட்டுப் போயின.

மறுபடி ஃபோன். "சார், குடுத்ததைத்தான் எடுத்துக்கிட்டீங்க, சரி. எங்களோடதையும் எதுக்கு சார்?"

பின்னால் ஒரு தொண்டை கனைத்தது. மேனேஜர். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஒருநிமிஷம்'. "ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டால், போனவர் திரும்பும்போது தேநீர் ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்திருக்கும். அவரை விட்டுத் தப்பிப்பதும் லைப்ரரியின் விண்ணப்பத்துக்கு ஒரு காரணம். அதை மட்டும் உள்ளே எழுதவில்லை.

"ஒரு நிமிஷம். லைப்ரரியில ஏதோ குளறுபடின்னு பேசிக்கிறாங்க."

"சுத்தம் பண்ணிட்டிருக்கேன் சார்."

"அந்த இடமாற்ற ஃபோல்டர் பத்திரமா இருக்கில்ல?"

தான் மாற்றம் கேட்டிருக்கும் விஷயம் மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது என்று லைப்ரரி முடிவுகட்டினார். "இருக்கு சார்" என்றார், குரல் எங்கோ கிணற்றிலிருந்து வர.

மேனேஜர் போகவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நம்ம மலைக் கிளை எப்படியிருக்கும்? இந்த மாசமெல்லாம் ஸ்வெட்டர் தேவைப்படுமா?" என்று கேட்டார்.

மிரட்டல் இவ்வளவு மென்மையாகக்கூட வரும் என்று லைப்ரரி அதுவரை அறிந்ததில்லை. மலைக் கிளை என்பது எட்டு வளைவு ஏறி, ஒன்பதாவதில் வாந்தி எடுத்தால் வரும் இடம். ஆற்றங்கரைக்கு நேர் எதிர்த்திசை.

மேனேஜர் நகர்ந்ததும் லைப்ரரி கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டார். "பயப்படாதீங்க சார்" என்றுதான் அவள் எதையும் ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் பயப்படுவார்கள். சீட்டு விவரம் முழுக்க ஓர் அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம், அதில் உட்கார்ந்து திருத்தி ஒரே தடவையில் மேலே ஏற்றிவிடலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுக்கப் போய்விட்டாள்.

லைப்ரரி இறக்கினார். தன்னிடமிருந்த பழைய சீட்டுப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், கிளைகளை நிரப்பினார். வேலை முடிந்தது. அங்கேயே எழுந்திருக்க வேண்டியவர். ஆனால் மனுஷன் ஒழுங்கு பிடித்தவர். வகையும் கிளையும் அகரவரிசையில் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று அந்த இரண்டு பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினார். சீட்டுகள் வரிசையாக நகர்ந்து நின்றன. ஃபைல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அப்படியே ஏற்றிவிட்டார்.

பலன் உடனே தெரிந்தது. பம்பை முதல் தடவை ஓட்டும் முறை 'மகப்பேறு விடுப்பு' என்ற வகையில் போய்ச் சேர்ந்தது. எலி ஒழிப்பு அறிவிப்பு, 'இயக்குநர்கள் அறிமுகம்' ஆனது. ஆண்டு விழாவில் மேனேஜர் மாலையோடு நிற்கும் படத்தின் கீழே 'பழுது: திரும்பப் பெறப்பட்டது' என்றிருந்தது.

மனைவி ஃபோன் பண்ணினாள்.

"ஏங்க, மாத்திட்டீங்களா?"

"நிறைய மாத்திட்டேன்."

"உங்க பொண்ணு அலமாரியில உங்களுக்குப் பாதி இடம் ஒழிச்சு வச்சிருக்கா. என் புடவையெல்லாம் நாற்காலியில கிடக்கு. உங்க தலையணையை வெயில்ல போட்டிருக்கேன். அனுப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாயங்காலம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் மறுபடி வந்தார். "ஒரு நிமிஷம். அந்த ஃபோல்டர்..."

"பத்திரம் சார்."

"சாயங்காலம் போயிடும்ல?"

"போயிடும் சார்."

அவர் ஏனோ ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். ஆளை ஒழித்துக்கட்டும் முன் விடுகிற பெருமூச்சு என்று லைப்ரரி குறித்துக்கொண்டார்.

கடைசியில் கணினிப் பிரிவுப் பெண், விரலெல்லாம் பிரிண்டர் மையோடு வந்து திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, நேற்றைய நகலை எடுத்து, நூலகத்தை நேற்று இருந்தபடியே திருப்பி வைத்தாள். எலி எலியானது. மேனேஜரின் பழுது நீங்கியது.

"அவ்வளவுதான் சார். நேத்து இருந்த மாதிரியே இருக்கு."

நேற்று இருந்த மாதிரியே என்றால் இவருடைய விண்ணப்பமும் தலைமை அலுவலகத்துக்கே. பக்கத்து மேஜைகளில் பைகளைப் பூட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"ஒரே ஃபைல்தானே சார்? அதை மட்டும் தொடுங்க. மேல இருக்கிற அந்தப் பெட்டி பக்கமே போகாதீங்க."

லைப்ரரி 'இடமாற்றம்' ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே இரண்டே ஃபைல்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று ரகசியப் பூட்டுப் போட்டு, பெயரில்லாமல் வெறும் எண்ணோடு கிடந்தது. விற்பனைப் பிரிவில் யாராவது இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தன் ஃபைலை நோக்கி, தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போல நகர்த்தினார்.

"ஒரு நிமிஷம்" என்றது பின்னால் ஒரு குரல்.

கை துள்ளியது. டிக் விழுந்தது. 'ஆற்றங்கரை' அடித்தார், சேமித்தார், திரையை மூடினார், திரும்பினார். எல்லாம் ஒரே மூச்சில்.

"போயிடுச்சா?" என்றார் மேனேஜர்.

"போயிடுச்சு சார்."

மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்து லைப்ரரி பார்த்ததில்லை. பற்கள் அழகாகத்தான் இருந்தன.

அடுத்த வாரம் ஆணை வந்தது. ஆற்றங்கரை. மனைவி ஃபோனில் மூக்கை உறிஞ்சினாள். மகள் செல்ஃபோனை அழித்துவிட்டு அந்த இடத்தில் மீசையோடு ஓர் ஆளை வரைந்தாள். விடைபெறும்போது லைப்ரரிக்கு மேனேஜர் மேல்கூட லேசாகப் பாசம் வந்தது. பாவம், இனி யாரைக் கூப்பிடுவார் என்று தோன்றியது. சொல்லிக்கொள்ளலாம் என்று போனால் அவர் அறை பூட்டியிருந்தது.

கிளம்பும் நாள் காலையில் கம்பெனி வண்டி கீழே வாசலுக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் அவர் பங்குக்கு ஒரு தலைவலி மாத்திரை அட்டையை அன்பளிப்பாகக் கொடுத்தார். எதற்கு என்று புரியாமல் லைப்ரரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் மாடி ஏறி வந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"சீக்கிரம் இறங்குங்க சார். மலைக் கிளை கேட்டிருந்த மேனேஜர் சாருக்கும் ஆத்தங்கரையே விழுந்துடுச்சாம். மடியில புது ஸ்வெட்டரோட வண்டியில உக்காந்துக்கிட்டு, உங்களை ஒரு நிமிஷம் வரச் சொல்றாரு."