ரயில் ஜன்னலில் அளந்த ஏரி

ரயில் ஒரு ஊரைத் தாண்டிப் போனதாலேயே அந்த ஊரைக் கரைத்துக் குடித்துவிட்ட மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். காசிக்குப் போகலாமென்றிருக்கிறேன் என்று நீங்கள் வாய் தவறிச் சொன்னால் போதும். "காசியா? நான் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கே எந்தத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகும், எந்தத் தெருவில் ஏமாற்றுவார்கள், குளிர் எந்த எலும்பில் போய் உட்காரும் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். காசியில் இறங்கினீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது மரியாதை இல்லை.

கல்கத்தாவில் இந்த இனத்துக்குத் திலகமாக இருந்தவர் வாஞ்சிநாதன். அலிப்பூரில் ஒரு நில அளவை ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். அதாவது, வெயிலில் காய்ந்தவர்கள் பென்சிலில் போட்டு அனுப்பும் கோடுகளின் மேல், நிழலில் உட்கார்ந்து மசி ஓட்டுகிறவர். வைகாசிக் கல்யாணங்களுக்காக வருஷந்தோறும் மனைவி பாகீரதியோடு மதராஸ் மெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் போய் வருவார். வழியில் ஒரிஸாவில் சிலிகா ஏரி வரும். போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, ஏரிப் பக்கத்து ஜன்னல் அவருடையது. அது வீட்டுச் சட்டம்.

பவானிபூரில் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காபிக்குத் தமிழர்கள் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சிலிகாவில்தான் போய் முடியும்.

"சிலிகாவுல மழையே கிடையாது, ஓய். வருஷா வருஷம் பாக்கறேன். ஒரு தூத்தல் கிடையாது."

"மரம் மட்டை?"

"ஒரே பொட்டல். ஜலத்தைத் தவிர ஒண்ணும் கிடையாது."

வைகாசி தவிர வேறு மாதங்களும் பஞ்சாங்கத்தில் உண்டு என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. மலையும் காடும் எதிர்ப் பக்கத்து ஜன்னலில் இருந்தன. அந்த ஜன்னலில் இருந்தவள் பாகீரதி. ஏரிக்கரையிலேயே இருக்கும் பாலுகாவ் ஸ்டேஷனிலோ, கருவாட்டு வாடை தாங்காமல் அவர் ஜன்னலைச் சாத்திவிடுவார். ஆகவே பாலுகாவ் அவருடைய பூகோளத்திலேயே இல்லை.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விதி, ஆபீஸ் துரை ரூபத்தில் வந்தது. சிலிகாவையும் அதைச் சுற்றியுள்ள மலை, காடு, மழை, வெயில் அத்தனையையும் படமாகப் போட வேண்டும், அந்தப் பக்கம் தெரிந்தவர் யார் என்று துரை கேட்டார். ஹெட் டிராப்ட்ஸ்மேன் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. அந்த நாற்காலியை நினைத்து நினைத்து வாஞ்சிநாதன் இளைத்துப் போயிருந்தார். எழுந்து நின்றார். பக்கத்து மேஜை சீதாராமன், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஹௌரா பாலத்தைத் தாண்டாதவர், தலையே நிமிரவில்லை.

"மழை எப்படி?"

"கிடையாது சார்."

துரைக்குப் பரம சந்தோஷம். வழக்கமாக மழை ஓய்ந்து பனி விழுந்த பிறகுதான் அந்த ஆபீசில் கூடாரம் தூக்குவார்கள். மழையே இல்லாத ஊருக்கு எதற்குக் காத்திருப்பது? "அப்படியானால் ஆனியிலேயே கிளம்பலாம். நீயும் வருகிறாய்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பாகீரதி கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, அங்க மலை பூராவும் காடுன்னா. நான் பாத்திருக்கேனே."

"நீ எங்கேருந்து பாத்தே?"

"நீங்க எனக்கு விட்ட ஜன்னல்லேருந்துதான்."

வாஞ்சிநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். உயிரை விடத் துணிந்தார். ரோஷக்கார இனம், என்ன செய்வது?

சிலிகாவில் முதல் நாளே மழை கூடாரத்தைச் சாய்த்தது. துரை அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதுவதற்கில்லை. மலைக்காட்டில் அட்டை கடித்தது, காய்ச்சல் வந்தது, கொய்னா மருந்து கசந்தது. ஆனால் ஒரு விஷயம் அவரை அசைத்துவிட்டது. வந்த புதிதில் கரையோரம் அடித்த முளைகளெல்லாம் ஆடி முடிவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டன. கரித்த தண்ணீர் நாளாக ஆகத் தித்தித்தது. அட, இந்த ஏரி ஒரு இடத்தில் நிற்பதில்லையே! பயம் போய், அதன் மேல் அவருக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டார். அது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அலிப்பூர் திரும்பியதும் படத்தில் கோடைக்கு ஒரு கரை, மழைக்கு ஒரு கரை என்று இரண்டு கோடு போட்டார்.

"ஏரி ஒன்று, கரை இரண்டா? எது சரி?" என்றார் துரை.

"மாசத்தைப் பொறுத்தது சார்."

துரைமார்களுக்குப் பிடிக்காத பதில் இதுதான். படம் சீதாராமன் மேஜைக்குப் போயிற்று. அவர் இரண்டுக்கும் நடுவே வழவழவென்று ஒரே கோடாகப் போட்டார். அழகான கோடு. ஏரிதான் ஒரு நாளும் அந்தக் கோட்டில் நின்றதில்லை. நாற்காலி சீதாராமனுக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவானிபூர்க் கூட்டம் ஆவலோடு சூழ்ந்துகொண்டது.

"எப்படி ஓய் இருக்கு சிலிகா?"

"எந்த மாசத்துல?"

"சரி, மழை உண்டா, இல்லையா?"

"உண்டு. ஆனா..."

அவர் அந்த 'ஆனா'வைத் தாண்டுவதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. "சிலிகாவா? நான் சொல்றேன்" என்று சீதாராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காபியும் அந்தப் பக்கம் போயிற்று. வாஞ்சிநாதனுக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அடுத்த வைகாசியில் ஏரிப் பக்கத்து ஜன்னலைப் பாகீரதிக்குக் கொடுத்துவிட்டு அவர் மலைப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

ஆக, சிலிகாவில் மழை உண்டு, மலையில் காடு உண்டு, தண்ணீர் மழைக்காலத்தில் தித்திக்கும் என்பதெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்கு யாராவது அந்தப் பக்கம் போவதாகச் சொன்னால் உங்கள் கை நாற்காலியைத் தேடும். தாராளமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இறங்கினீர்களா என்று நான் கேட்கமாட்டேன். அது மரியாதை இல்லை.