பொம்மையை இடம் மாற்றிய விவகாரம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்காகப் பரிந்து பேச யாராவது கிளம்பி வர முடியும்.

நடந்தது இதுதான். ஜவுளிக்கடை முதலாளியான உன் அண்ணன் கடைப் பொம்மையைக் கட்டிப்பிடித்து ஆடியதை ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் உன் அண்ணியும் ஒருத்தி. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

உன் மருமகளை, அதான் என் மகளை, படமெடுக்கப் படிக்க வை என்று சொன்னவள் நீ, ஆகவே முழுவதையும் கேட்டே ஆக வேண்டும். படம் என்றால் கதை இருக்கும், சண்டை இருக்கும் என்று நம்பி அவள் கல்லூரிக்குப் பார்க்கப் போனேன். இவள் எடுத்தது சோதனைப் படமாம், யாருக்குச் சோதனை என்று முதலில் சொல்லவில்லை. இருட்டறை, இரண்டு திரை, இரண்டுக்கும் ஒரே பாட்டு, இப்போது எல்லாக் கடையிலும் அலறுகிறதே அந்தக் காதல் பாட்டு. ஒரு திரையில் இவள் என் சட்டையைப் போட்டு, கழுத்தில் என் அளவு டேப்பைத் தொங்கவிட்டு, ஆண்குரலுக்கு வாயசைக்கிறாள். மீசையும் வரைந்திருந்தாள், என்னுடையதைவிட எடுப்பாகவே இருந்தது. என்னம்மா இதெல்லாம் என்றால், "நான் யாரு, எனக்கு என்ன ஆசைன்னு தேடுறேன்பா" என்கிறாள். கடைக்குத் தேடி வருகிறவருக்குக்கூட என்ன நிறம் வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். சரி, தேடட்டும் என்று அடுத்த திரையைப் பார்த்தால் அங்கே நான். திருடனைப் பிடிக்க மாட்டிய கடைக் கேமரா என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே பாட்டுக்கு, பச்சை கவுன் போட்ட பொம்மையோடு ஒரு சுற்று, இரண்டு சுற்று. பொம்மையை இடம் மாற்ற இடுப்பில்தான் பிடிக்க வேண்டும், தலையைப் பிடித்தால் கழன்று வந்துவிடும், தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். இதைத்தான் அண்ணி காதில் சொன்னேன். "எடம் மாத்தினீங்க, சரி. கண்ணை எதுக்கு மூடினீங்க?" என்றாள்.

படத்தை நிறுத்த எழுந்து சுவரைத் தடவினேன். கடைக்காரன் கைக்குச் சுவிட்சுதானே சிக்கும், அத்தனை விளக்கையும் போட்டுவிட்டேன். திரை வெளுத்தது, நான் பளிச்சென்று தெரிந்தேன். இதுவும் படத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள் பாவிகள்.

என் பகுதியை வெட்டிவிடு என்று வீட்டில் கெஞ்சினேன். "அதுல நடிக்காதது நீங்க ஒருத்தர்தான்பா. அதை எடுத்துட்டா படமே இல்ல" என்றாள். அடுப்படியிலிருந்து உன் அண்ணி வாய் திறந்தாள், என்னிடம் அல்ல, மகளிடம்: "கல்யாணமான நாளா ரோட்டைக் கடக்கத்தான் என் கையைப் பிடிச்சிருக்காரு. இந்த மனுஷனுக்கு ஆடத் தெரியும்னு ஒரு பொம்மை சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?"

சிரிக்காதே. எனக்குச் சுருக்கென்றது. உடனே புறப்பட்டு வந்து மகளை அதட்டு, அண்ணியைத் தேற்று. பிள்ளைகளுக்கு என் ஆசி, மாப்பிள்ளைக்கு என் மரியாதை. அவரிடம் இதைப் படித்துக் காட்டாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேரம் படிந்துவிட்டது, நீ வர வேண்டாம். படம் வெட்டில்லாமல் ஓடும். வாரம் ஒரு நாள் கடை சாத்தியதும் ஒரு பாட்டு முழுக்க அண்ணியோடு ஆட வேண்டும். கேமராவை மூடிவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன், அம்மாவும் மகளும் ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவை மூடக் கூடாது, கண்ணை மூடிக்கொள்ளலாம்.